வெளியே நிறுத்திக் காட்டிய ஐரோப்பா

1

வசந்தா மேடம் எங்கள் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் நன்றி சொல்ல வரவில்லை என்று. மஸ்கட் ரூவியில் இருக்கும் பயண நிறுவனம் அது. ஐரோப்பா மேசை என்னுடையது. மேடமும் அவர் கணவரும் என்னிடம்தான் பணம் கட்டிப் பாரீஸ், ரோம் எல்லாம் போய்விட்டுப் போன வாரம் திரும்பியிருந்தார்கள்.

"ராணி, ரோம்ல அந்த வட்டமான பெரிய கட்டடம் இருக்கே, கொலோசியம். அத பாக்கலாம்னுதானே சொன்ன?"

"ஆமா மேடம்."

"எங்க பாத்தோம்? பஸ்ஸ விட்டு எறக்கினான். ரோட்டு ஓரமா நிக்க வெச்சான். போட்டோ எடுத்துக்கோன்னான். அவரு பெல்ட்ட சரி பண்ணிட்டு நிமிர்றதுக்குள்ள ஜல்தி ஜல்தின்னு பஸ்ல ஏத்திட்டான். இதுக்குப் பேரு பாக்கறதா? எங்க தெரு முனையில போஸ்டர் ஒட்டியிருந்தா இத விட நல்லாவே பாத்திருப்பேன்."

பயணத் திட்டத்தை எடுத்துக் காட்டினேன். ஐரோப்பாவில் பேருந்தும் ஓட்டலும் ஏற்பாடு செய்யும் நிறுவனம் அனுப்பும் ஆங்கிலத் தாள் அது. ஒவ்வொரு இடத்துக்கு எதிரிலும் இரண்டில் ஒரு சொல் இருக்கும். 'விசிட்' என்றிருந்தால் சீட்டு வாங்கி உள்ளே அழைத்துப் போவார்கள். 'போட்டோ ஸ்டாப்' என்றிருந்தால் வண்டி நிற்கும், இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். கொலோசியத்துக்கு எதிரே போட்டோ ஸ்டாப் என்றுதான் இருந்தது. நான் அதைத் தமிழில் 'பார்க்கிறோம்' என்று சொல்லியிருந்தேன். வேறு எப்படிச் சொல்வது? பெண் பார்ப்பது, டாக்டரைப் பார்ப்பது, கோயில் பார்ப்பது, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே பார்ப்பதுதான். உள்ளே நின்று பார்ப்பதா, வெளியே நின்று பார்ப்பதா என்று அந்தச் சொல்லைக் கேட்டால் அது பதில் சொல்லாது.

இதை மேடத்திடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்.

"நீ போயிருக்கியா?"

"இல்ல மேடம்."

"அதான்."

அவர் போன பிறகும் அந்த 'அதான்' மேசை மேலேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சரித்திரத்தில் பட்டம் வாங்கியவள். அதன் பிறகு டிக்கெட் போடும் படிப்பும் படித்து, இந்தக் கடலைத் தாண்டி வந்து வேலை பார்க்கிறவள். தெரியாததைத் தெரியும் என்று நான் சொன்னதில்லை. ஆனால் பார்க்காததை நாள் முழுவதும் விற்றுக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன். ரோமுக்குப் போவேன். போனால் ரோட்டு ஓரத்தில் நிற்க மாட்டேன். உள்ளே போவேன்.

2

ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம், அத்தனை பக்கத்திலா இருக்கிறது, நினைத்தால் போய்விட. இல்லை. வளைகுடாவில் ஒரு பெண் தனியாக எங்காவது போக நினைத்தால் முதலில் கால் நகராது, காகிதம்தான் நகரும்.

என் நாள் இப்படித்தான் போகும். காலையில் ரூவி நெடுஞ்சாலையின் சுரங்கப் பாதையைக் கடந்து அலுவலகம். மதியம் ஒரு மணிக்குக் கடையெல்லாம் அடைப்பார்கள். அறைக்கு வந்து சோறு, கொஞ்சம் தூக்கம். நான்கு மணிக்கு மறுபடி திறந்தால் இரவு எட்டு வரை. அறையில் என்னோடு இரண்டு நர்சுகள். அவர்கள் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை துணி துவைத்து, ஊருக்குப் போன் பேசி, தலைக்கு எண்ணெய் வைத்தால் வாரம் முடிந்தது.

எங்கள் மேனேஜர் ஜோசப் சார் கோட்டயத்துக்காரர். அந்த ஆண்டு கோடை விடுமுறைக்குத் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் சேர்ந்து ஐரோப்பா போவதாக இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் அதிகம். கூடப் போக ஆள் வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்றேன்.

"நான் போறேன் சார்."

ஏற இறங்கப் பார்த்தார். "ராணீ, ஜோலிக்கு ஆணு போகுந்நது, கேட்டோ. காழ்ச்ச காணான் அல்ல." வேலைக்குப் போகிறாய், வேடிக்கை பார்க்க அல்ல என்று அர்த்தம்.

"ரெண்டையும் செய்வேன் சார்" என்றேன்.

அடுத்தது கஃபீல். எங்களுக்கு விசா கொடுத்து வைத்திருக்கும் ஓமானி முதலாளி. அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் தூதரகத்தில் நம் முகத்தையே பார்க்க மாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை வந்து காவா என்னும் அரபிக் காப்பி குடித்துவிட்டுப் போகும் பெரியவர் அவர். அரபியும் இந்தியும் கலந்து கேட்டார்: "உதர் கியா ஹை? பத்தர். இதர் கில்லா மாஃபி?" அங்கே என்ன, வெறும் கல், நம் ஊரில் கோட்டை இல்லையா?

"இருக்கிறது. நிஸ்வா கோட்டைக்குள் போய், படி எல்லாம் ஏறி, மேலே நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் அதையும் பார்க்க வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டையைக் கட்டியதே அவர் வீட்டார் என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டு, "யல்லா", சரி போய் வா, என்று கையெழுத்துப் போட்டார்.

தூதரகத்தில் என் பெயர் வழிமறித்தது. கடவுச்சீட்டில் என் பெயர் செல்வராணி, குடும்பப் பெயர் காத்தமுத்து. கவுன்ட்டரில் இருந்த பெண், உன் அம்மாவின் குடும்பப் பெயர் ஏன் வேறு என்று கேட்டாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, காத்தமுத்து என் அப்பா, அம்மா பெயருக்குப் பின்னால் இருப்பது அவருடைய அப்பா என்றேன். அப்படியென்றால் உன் பிள்ளைகளுக்கு? அவர்களுடைய அப்பா. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரே வீட்டில் ஆளுக்கொரு குடும்பமா என்று வியந்தாள். பிறகு, கல்யாணமாகாத பெண், திரும்பி வருவாய் என்று எப்படி நம்புவது என்று கேட்டாள்.

"திரும்பி வந்தால்தான் பார்த்ததைச் சொல்ல முடியும்" என்றேன். அது சரியான பதிலா என்று தெரியாது. விசா கிடைத்தது.

3

இப்படியாக என் அப்பா ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். பாரீஸ் ஓட்டலில் சாவி கொடுப்பவர், "மிஸ் காத்தமுத்து!" என்று தடுமாறித் தடுமாறிக் கூப்பிட்டார். செங்கல் சூளையில் வேலை பார்த்து, கடைசி வரை கைநாட்டு வைத்த மனிதர் என் அப்பா. சாவிக்காரர் இரண்டாவது தடவை கூப்பிடட்டும் என்று காத்து நின்றேன். காதில் விழ நன்றாக இருந்தது.

எங்கள் பேருந்துக்கு அங்கிருந்தே ஒரு டூர் மேனேஜர் வந்து சேர்ந்துகொண்டார். பம்பாய்க்காரர், பரேஷ் பாய். வழி, வண்டி, நேரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்கள் என் பொறுப்பு. வண்டி நிறைய ரூவி, தம்மாம், துபாய் என்று பல ஊர்க் குடும்பங்கள். பெரியவர்கள் முன்வரிசையில் தமிழில் பேசினார்கள், பிள்ளைகள் பின்வரிசையில் ஆங்கிலத்தில் பேசினார்கள். நடுவில் நான் இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நடராஜன் சார் குடும்பத்தை அங்கேதான் நெருங்கிப் பழகினேன். அவர் மஸ்கட்டில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் சேஃப்டி ஆபீசர். வண்டியில் ஏறியதும் அவசர வழி எங்கே என்று பார்ப்பார். மனைவி கல்யாணி அக்கா, அதிகம் பேசாதவர். யார் எதை எங்கே வைத்தாலும் அவருக்குத் தெரியும். மகள் நித்யாவுக்குப் பதின்மூன்று வயது, மஸ்கட்டிலேயே பிறந்தவள். "அம்மா, திஸ் இஸ் ஸோ போரிங்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அக்கா, "என்ன சொல்றா?" என்று என்னைப் பார்ப்பார். "பசிக்குதாம்" என்று நான் மொழிபெயர்ப்பேன். அக்கா பிஸ்கட் எடுத்துக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே போயிற்று.

பாரீசில் லூவர் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு ஒன்று உண்டு. அதுதான் உள்ளே போகும் வாசல். எங்களுக்கு அது போட்டோ ஸ்டாப். பிரமிடின் உச்சியை இரண்டு விரலால் பிடிப்பதுபோல ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டோம். கண்ணாடிக்குக் கீழே படி இறங்கிப் போகும் மனிதர்கள் தெரிந்தார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், கைத்தடி ஊன்றியவர்கள். எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்கு நெருங்கி நின்றேன்.

"காத்தமுத்து மேடம், சலோ! இண்டியன் லஞ்ச் ஆறிப்போகும்" என்றார் பரேஷ் பாய்.

ஆறிப்போன ரொட்டியைத் தின்றுகொண்டே நினைத்தேன்: இங்கே விட்டுவிட்டேன். ரோமில் விட மாட்டேன்.

4

ரோமில் காலையில் வத்திக்கான் பெரிய தேவாலயம். அது விசிட், உள்ளே போனோம், எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொலோசியம், போட்டோ ஸ்டாப். அதற்கடுத்து ஒரு தோல் பொருள் கடை. கடைக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சாப்பிட்டு வண்டியில் ஏறியதும் நான் பரேஷ் பாயிடம் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம். கடைக்குப் போற நேரத்த விட்டுக் குடுத்தா நாம கொலோசியத்துக்கு உள்ள போகலாம். டிக்கெட் அவங்கவங்க எடுத்துக்கணும். கியூ பெருசா இருக்கும்னு பயப்படாதீங்க. எதிர்ல குன்று பக்கம் ஒரு கவுன்ட்டர் இருக்கு, அங்க வாங்கற டிக்கெட் இங்கயும் செல்லும். அங்க கூட்டம் இருக்காது."

"நோ, நோ, நோ" என்றார் பரேஷ் பாய். "ஷாப்பிங் ஸ்டாப் கட் பண்ணினா ஆபீஸ்ல பிராப்ளம்."

"குரூப் முழுக்கக் கேட்டா மாத்தலாம்னு உங்க பேப்பர்லயே இருக்கு பாய்."

அவர் தாளைப் பார்த்தார். இருந்தது. தாள்களைப் படிப்பதுதான் என் வேலை.

முன்வரிசையிலிருந்து நடராஜன் சார் எழுந்தார். "ராணிம்மா, உள்ள போனா சிங்கம் இருக்குமா?"

"சிங்கம் ரிசைன் பண்ணிட்டுப் போயி ரொம்ப வருஷமாச்சு சார்."

"அப்ப சேஃப்டிதான். நான் ரெடி."

"லெதர் பேக் வாங்கித் தரேன்னு ஊர்ல அண்ணிக்குச் சொல்லிட்டேனே" என்று துபாயிலிருந்து வந்த ஒரு பெண் கவலைப்பட்டாள்.

"பேக் துபாய்ல கெடைக்கும். கொலோசியம் கெடைக்காது" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க, ஷேக் காதுல விழுந்தா அதையும் கட்டிருவாரு. ஏசி போட்டு" என்றார் அவள் கணவர். வண்டி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கை தூக்கச் சொன்னேன். பின்வரிசைப் பிள்ளைகள்கூடச் சும்மா சத்தம் போடக் கிடைத்ததே என்று கை தூக்கினார்கள். முழங்கால் வலிக்காரர்கள் சிலர் எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்துகொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள் என்றார்கள். பரேஷ் பாய் கையை விரித்தார். "உங்க ரிஸ்க், மேடம்."

வண்டி நின்று எல்லோரும் இறங்கும்போது கல்யாணி அக்கா மட்டும் இருக்கையிலேயே இருந்தார். மடியில் மூன்று பைகள்.

"வாங்கக்கா."

"நீங்க போயிட்டு வாங்க. பையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"பை வண்டியிலயே இருக்கட்டும். டிரைவர் இருக்காரு."

"இல்லடி ராணி." குரலைத் தணித்தார். "நான் எட்டாவதோட நின்னவ. உள்ள போயி எனக்கு என்ன புரியப் போவுது? அவரு படிச்சவரு, பாக்கட்டும். நித்யா படிக்கறவ, பாக்கட்டும். எனக்கு எதுக்கு அவ்வளவு காசுல ஒரு டிக்கெட்டு? வெளியிலேர்ந்து பாத்தாச்சே. அதுவே பெருசாத்தான் இருக்கு."

5

எனக்கு அப்போது ரோம் மறந்துபோய்விட்டது. மதுரையில் நின்றுகொண்டிருந்தேன்.

கல்லூரியில் சேர்க்க அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்த நாள். மானாமதுரைப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து, எல்லாம் முடிந்து, திரும்ப நேரம் இருந்தது. திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். பாடப் புத்தகத்தில் அதன் தூண்கள் தபால்தலை அளவில் அச்சாகியிருந்தன. வாசலில் அம்மா என் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீ போயிட்டு வா தாயி. நான் செருப்பப் பாத்துக்கிறேன்."

அரண்மனைக்குள் செருப்போடு போகலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நான் வெறுங்காலோடு அந்தத் தூண்களைச் சுற்றி வந்தேன். மற்றவர்கள் எல்லோரும் செருப்போடு நடந்தார்கள். அவர்களுக்குத்தான் மரியாதை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அம்மா, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "பெருசா இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், மூன்று பேர் சேர்ந்தாலும் கை எட்டாது என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா அதற்கே சந்தோஷப்பட்டு, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

பிறகு பல முறை மதுரை போனோம். இப்போது வா என்று கூப்பிட்டால், "அதான் நீ பாத்துச் சொல்லிட்டியே" என்பார். இன்று வரை அவர் அந்த வாசலைத் தாண்டவில்லை. இதில் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. அடுத்த விடுமுறையில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். ஆனால் ரோமில் என் கை எட்டும் தூரத்தில் இருந்தது கல்யாணி அக்காவின் கை.

6

மூன்று பைகளையும் மடியிலிருந்து எடுத்து ஓட்டுநரின் பின்னால் வைத்தேன். "அக்கா, புரியலேன்னா என்கிட்ட கேளுங்க. எனக்கும் புரியலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து புரியாம நிப்போம். எந்திரிங்க."

"விட மாட்டியே" என்று முனகிக்கொண்டே எழுந்தார்.

குன்றுப் பக்கக் கவுன்ட்டரில் உண்மையாகவே கூட்டம் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயமாவது சரியாக இருந்தது. கொலோசியத்தின் நுழைவு வளைவுகளுக்கு மேலே ரோமானிய எண்கள் வெட்டியிருக்கும். நம் ஸ்டேடியங்களில் கேட் நம்பர் மாதிரி, யார் எந்த வழியாக வர வேண்டும் என்பதற்காக. அதைச் சொன்னதும் நித்யா காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றினாள். அண்ணாந்து எண்களைப் படிக்க ஆரம்பித்தாள். ஐம்பது தாண்டியும் விடவில்லை.

வளைவின் இருட்டைத் தாண்டி உள்ளே வந்தோம். திடீரென்று வெளிச்சம். நான்கு பக்கமும் ஏறிப் போகும் கல் வட்டம். நடுவில் தரை இல்லை. தரைக்கு அடியில் மிருகங்களையும் மனிதர்களையும் அடைத்து வைத்த அறைகள் திறந்து கிடந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இது கட்டடம். உள்ளே வந்தால் பள்ளம். இது எந்தப் புகைப்படத்திலும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கல்லூரியில் படித்ததையெல்லாம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் சீருடை அணிந்த காவலர் ஒருவர் வந்து குடையைக் காட்டினார்.

"கைடு? லைசென்ஸ்?"

உரிமம் உள்ள வழிகாட்டிகள் மட்டும்தான் உள்ளே குழுவுக்கு விளக்கம் சொல்லலாம் என்பது அங்கே சட்டம். அது எனக்குத் தெரியும். ஆர்வத்தில் மறந்துவிட்டேன். இத்தனை பேரை உள்ளே இழுத்து வந்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா?

"நோ கைடு!" என்று ஒரு குரல். கல்யாணி அக்கா. அவர் ஆங்கிலம் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. என் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டார். "மை சிஸ்டர். ஃபேமிலி. ஃபேமிலி டாக்கிங்!"

காவலர் எங்கள் கூட்டத்தை முழுவதுமாக ஒருமுறை பார்த்தார். "ஆல் ஃபேமிலி?"

"ஆல்!" என்றார் அக்கா.

"இண்டியன் ஃபேமிலி. வெரி பிக்" என்று நடராஜன் சார் அடக்கமாகச் சேர்த்துக்கொண்டார். காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் குடையை மட்டும் கீழே இறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"கிட்ட வாங்க எல்லாரும். குடும்பம்னு சொல்லிட்டேன், தள்ளித் தள்ளி நிக்காதீங்க" என்று அக்கா அதட்டினார். தோளோடு தோள் ஒட்டி நின்றோம். நான் வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ராஜா எங்கே உட்கார்ந்தான், பெரிய மனிதர்கள் தங்கள் பெயரைக் கல் இருக்கையிலேயே எப்படி வெட்டி வைத்தார்கள், ஏழைகள் எங்கே.

"பொம்பளைங்க?" என்று கேட்டார் அக்கா.

உச்சியைக் காட்டினேன். சுவரின் கடைசி விளிம்பு. "அதோ, அங்க. எல்லாருக்கும் மேல, எல்லாருக்கும் பின்னால. அங்கேர்ந்து பாத்தா கீழ நடக்கறது எறும்பு மாதிரிதான் தெரியும்."

"அங்க போக முடியுமா?"

"இப்ப மூடி வெச்சிருக்காங்க."

அக்கா கொஞ்ச நேரம் அந்த விளிம்பையே பார்த்தார். பிறகு கீழே, பெயர் வெட்டிய பெரிய மனிதர்களின் இருக்கைகள் இருந்த பக்கம் திரும்பினார். "அப்ப நாம அங்க போயி நிப்போம். நம்ம டிக்கெட்டும் அதே டிக்கெட்டுதானே?"

அதே சீட்டுதான். போய் நின்றோம்.

7

அடுத்த நாள் காலை ஜோசப் சார் தொலைபேசியில் வந்தார். பரேஷ் பாய் சொல்லிவிட்டார் என்பது அவர் 'ராணீ' என்று கூப்பிட்ட நீளத்திலேயே தெரிந்தது. திட்டத்தை இனி ஒருமுறை மாற்றினால் அடுத்த குழுவுக்கு நான் போக வேண்டாம் என்றார். "சரி சார். இந்த குரூப் முடியட்டும். ரூவிக்கு வந்து பேசறேன்" என்றேன். வந்து பேசினேன். பல வாரம் பேசினேன். இன்று எங்கள் அலுவலகத்தின் தமிழ்த் துண்டறிக்கையில் 'உள்ளே போய்ப் பார்ப்பவை', 'வெளியே நின்று பார்ப்பவை' என்று இரண்டு பத்திகள் தனித்தனியாக இருக்கின்றன. முதல் பத்தியை நீளமாக்குவதற்குத்தான் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அகங்காரம் பிடித்த பெண் என்று பெயர். இருக்கட்டும்.

வெனிசைச் சொல்லி முடிக்கிறேன். தண்ணீரின் ஓரத்தில் அந்த ஊரை ஆண்டவர்களின் அரண்மனை. அதையும் பழைய சிறைச்சாலையையும் இணைத்துக் கால்வாய்க்கு மேலே மூடிய கல் பாலம் ஒன்று உண்டு. தண்டனை வாங்கிய கைதிகள் அதன் வழியாகத்தான் சிறைக்குப் போனார்களாம். எங்களுக்கு இரண்டுமே போட்டோ ஸ்டாப். இந்த முறை நான் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. ஆனால் அரண்மனைக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் எங்களுக்கு நிறைய ஓய்வு நேரம் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் புறாவுக்குத் தீனி போட ஓடினார்கள். அவர்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் நான் குழுவை விட்டு நகர முடியாது.

கல்யாணி அக்கா என் அருகில் வந்தார். "டிக்கெட் எங்க குடுக்கறான்?"

காட்டினேன். "சார் வராரா?"

"அவரு புறாவ போட்டோ எடுத்திட்டிருக்காரு. நித்யா வர மாட்டேங்கறா. நான் போயிட்டு வரேன்."

"தனியாவா அக்கா? வழியெல்லாம்..."

"உள்ளதானே போறேன்? தொலஞ்சாலும் உள்ளதானே இருப்பேன்?"

வரிசையில் போய் நின்றார். சேலைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைச் சரி செய்துகொண்டார். கவுன்ட்டரில் ஒரு விரலைக் காட்டினார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் குழுவை மற்றொரு சிறு பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்றால்தான் அந்த மூடிய பாலம் படத்தில் சரியாக விழும். கூட்டம் நெரிந்தது. உலகத்தில் உள்ள காமிராக்கள் எல்லாம் அங்கே இருந்தன. "இன்னும் கொஞ்சம் லெஃப்ட், தலை மறைக்குது" என்று நானே எல்லோரையும் நிறுத்தி வைத்து எடுத்தேன்.

வண்டி நிற்கும் கரைக்குத் திரும்பும் படகு புறப்படும் நேரத்துக்கு அக்கா வந்து சேர்ந்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. படகில் என் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மண்டபத்தில் தூணே இல்லையாம், கூரை எப்படி நிற்கிறது என்று தெரியவில்லையாம். சுவர் முழுக்க ஒரே படமாம், அதில் இருக்கும் தலைகளை எண்ண முடியாதாம். நான் படித்த விவரங்கள் நாக்கு நுனி வரை வந்தன. சொல்லவில்லை. நான் அங்கே போகவில்லையே.

"அப்புறம் அந்தப் பாலம்" என்றார். "அது வழியாத்தான் ஜெயிலுக்குப் போற வழி. குறுகலா, ரெண்டு ஆள் பக்கத்துல பக்கத்துல போக முடியாது. ஜன்னல்ல கல்லுலயே ஓட்ட ஓட்டயா சல்லடை மாதிரி செதுக்கியிருக்கான். அதுல கண்ண வெச்சுப் பாத்தேன். வெளிய நீங்க எல்லாரும் நிக்கறீங்க. கையில காமிராவ வெச்சுக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு."

"எங்களையா?"

"உன்னத்தான். சிவப்பு துப்பட்டா, நல்லாத் தெரிஞ்சுது. ஒரு விரல ஓட்டைக்குள்ள விட்டு ஆட்டினேன். ராணீன்னு கத்தினேன்கூட." என் கையிலிருந்த காமிராவை வாங்கி, நான் எடுத்த படத்தில் அந்தப் பாலத்தின் ஜன்னலைத் தேடிக்கொண்டே சொன்னார்: "நீ பாக்கவே இல்ல."